உச்சி வெயிலில் ஒரு சாவி

எங்கள் வீட்டில் ரகசியம் பேசுவதென்றால் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். ராயப்பேட்டையில், ஜாம்பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், ஏழு குடித்தனம் இருக்கும் பழைய வீடு. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் ஏழு வீட்டிலும் தும்முவார்கள். அம்மா போனில் பெரியம்மாவோடு பேசும்போது முக்கியமான இடம் வந்ததும் பாதி வாக்கியத்தை விழுங்கிவிடுவாள். "அதான்க்கா, அன்னிக்கு சொன்னேனே, அதேதான்" என்று முடிப்பாள். எது 'அது' என்று பெரியம்மாவுக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் காது வைத்திருப்பவருக்குத் தெரியாது.

அப்பா கேபிள்காரர். தொண்ணூறுகளின் நடுவில் மாடியில் டிஷ் வைத்து, தெருத் தெருவாக ஒயர் இழுத்தவர்களில் ஒருவர். 2003இல் சென்னையில் செட்டாப் பாக்ஸ் வந்தது, அப்புறம் டிடிஎச் வந்தது, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வாடிக்கையாளர்கள் போனார்கள். அவர் பழைய ஒயரை இறக்கிவிட்டு ஃபைபர் ஏற்றினார். கடன் வாங்கி ஒரு ஸ்ப்ளைசிங் மெஷின் வாங்கினார். அது வீட்டுக்கு வந்த அன்று அம்மா அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். தலைமுடி தடிமனில் இருக்கும் இரண்டு கண்ணாடி நார்களின் முனைகளை நேருக்கு நேர் வைத்து, ஒரு மின்பொறியில் உருக்கி ஒட்டும் மெஷின் அது. ஒட்டி முடித்ததும் அந்த இடத்தில் எவ்வளவு ஒளி வீணாகும் என்று டெசிபல் கணக்கில் திரையில் காட்டும். 0.02 வந்தால் அப்பா தலையாட்டுவார். 0.05ஐத் தாண்டினால் வெட்டிவிட்டு மறுபடி ஒட்டுவார்.

"யாருப்பா பாக்கப்போறாங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"லைட்டு பாக்கும்" என்றார்.

அப்போது எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. போஸ்ட்டில் ஏறி இறங்கும் அப்பாவை, காலேஜில் என்னோடு படித்தவர்களிடம் 'நெட்வொர்க் பிசினஸ்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

*

2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 6003.65 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதன் நான்கு மையங்களில் தகவல்தொடர்புக்கானது சென்னை ஐஐடிக்கு வந்தது. நான் அங்கே இல்லை. ஊரின் தெற்கே, பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு சின்ன ஆய்வகத்தில் ஒப்பந்த வேலையில் சேர்ந்தேன். வேலை, குவாண்டம் சாவிப் பகிர்வு.

இதன் கதை நம் பக்கத்து ஊரோடு சம்பந்தப்பட்டது. 1979இல் போர்ட்டோ ரிக்கோவில் ஒரு மாநாடு. ஓய்வு நேரத்தில் கடலில் நீந்திக்கொண்டிருந்த ஜில் பிராசாரிடம், முன்பின் தெரியாத ஒருவர் நீந்தி வந்து, யாராலும் கள்ளநோட்டு அடிக்க முடியாத பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் சார்ல்ஸ் பென்னட். அந்தப் பேச்சு வளர்ந்து ஐந்து வருஷம் கழித்து, 1984 டிசம்பரில், பெங்களூரில் நடந்த ஒரு மாநாட்டின் தொகுப்பில் ஐந்து பக்கக் கட்டுரையாக வந்தது. இருவர் பெயரின் முதலெழுத்தும் வருஷமும் சேர்ந்து அந்த முறைக்கு பிபி84 என்று பெயர்.

சாராம்சம் இவ்வளவுதான். ஒளியின் மிகச் சிறிய துணுக்கு ஃபோட்டான். ஒரு ஃபோட்டானில் 0 அல்லது 1 என்பதை இரண்டு விதமாக எழுதலாம். எந்த விதத்தில் எழுதியிருக்கிறது என்று தெரியாமல் படித்தால், எழுத்து கலைந்துவிடும். நகல் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு படிக்கலாம் என்றால், தெரியாத ஒரு குவாண்டம் நிலையை நகலெடுக்க இயற்கையே இடம் கொடுப்பதில்லை. ஆகவே நடுவில் யாராவது ஒட்டுக்கேட்டால், இரு முனைகளிலும் உள்ள எண்கள் சில இடங்களில் ஒத்துப்போகாது. முனையில் இருப்பவர்கள் கொஞ்சம் எண்களைப் பகிரங்கமாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தவறு குறைவாக இருந்தால் மீதியிலிருந்து ரகசியச் சாவி தயாரிப்பார்கள். அதிகமாக இருந்தால் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள்.

கரும்பலகையில் இது ரொம்ப அழகாக இருக்கும். 1989இல் முதன்முதலில் செய்து பார்த்தபோது ஒளி போன தூரம் சுமார் 30 சென்டிமீட்டர். 0 அனுப்பும்போது ஒரு மாதிரியும் 1 அனுப்பும்போது வேறு மாதிரியும் மின்கருவி சத்தம் போட்டதாம். காது கேட்காத எதிரியிடமிருந்து மட்டும் இந்த ரகசியம் பத்திரம் என்று பிராசார் பின்னாளில் கிண்டலடித்தார். தத்துவம் சொன்னதற்கும் மேஜைமேல் இருந்ததற்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியைத்தான் அதற்குப் பின் வந்தவர்கள் முப்பத்தைந்து வருஷமாக நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் இடைவெளி, ஒற்றை ஃபோட்டான். அதைச் சொன்ன நேரத்துக்கு ஒவ்வொன்றாகத் துப்பும் விளக்கு மலிவாகக் கிடைக்காது. எனவே சாதாரண லேசரை மங்கலாக்கி, துடிப்புக்குச் சராசரியாக ஒரு ஃபோட்டானுக்கும் குறைவாக இருக்கும்படி வைக்கிறோம். சராசரிதானே, சில துடிப்புகளில் இரண்டு வந்துவிடும். எதிரி ஒன்றை உருவிக்கொண்டு இன்னொன்றை அனுப்பிவிட்டால் ஒரு தவறும் தெரியாது. இதற்கு 2003இலும் 2005இலும் வந்த தீர்வு, வேண்டுமென்றே வேறுவேறு வெளிச்சத்தில் துடிப்புகளைக் கலந்து அனுப்புவது. தபாலில் பணம் வைத்து அனுப்பும் கவர்களில் சிலவற்றைத் தடிமனாகவும் சிலவற்றை மெலிசாகவும் அனுப்புவதுபோல. தடிமன் கவர்களும் மெலிசுக் கவர்களும் ஒரே விகிதத்தில் காணாமல் போனால் வழியின் குறை. விகிதம் மாறினால் கை வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது இடைவெளி, பெறும் கண். 2010இல் நார்வேயில் ஒரு குழு, டிடெக்டர்மேல் பிரகாசமான ஒளியைப் பாய்ச்சி அதைக் குருடாக்கி, தாங்கள் சொன்னபடி ஆட வைத்தது. கடையில் விற்ற கருவிகளிலேயே செய்து காட்டினார்கள். குவாண்டம் விதி எதுவும் உடையவில்லை, பெட்டிதான் ஏமாந்தது. 2012இல் அதற்கும் பதில் வந்தது. கண்ணை இரண்டு பேருக்கும் நடுவில், எதிரியின் கையிலேயே இருந்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி வைக்கும் ஏற்பாடு.

மூன்றாவது இடைவெளிதான் எங்கள் தினசரிப் பாடு. தூரம். நல்ல நாரிலும் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் ஒளி போகும். 50 கிலோமீட்டரில் பத்தில் ஒன்று மிஞ்சும், 100இல் நூறில் ஒன்று. சாதாரண இன்டர்நெட்டில் வழியில் பெருக்கி வைத்து ஊதிவிடலாம். இங்கே பெருக்குவது என்றால் நகலெடுப்பது, அது முடியாது. 2022 பிப்ரவரியில் டிஆர்டிஓவும் டெல்லி ஐஐடியும் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் நடுவே, ஏற்கெனவே மண்ணுக்குள் கிடந்த ஃபைபரில் 100 கிலோமீட்டருக்கு மேல் சாவி அனுப்பிக் காட்டியபோது எங்களுக்கெல்லாம் அது பெரிய செய்தியாக இருந்ததன் காரணம் இதுதான்.

*

என் வேலை மென்பொருள் பக்கம். இரு முனையிலும் ஒத்துப்போகாத எண்களைத் திருத்துவது. திருத்துவதற்குப் பகிரங்கமாகச் சில தகவல்களைப் பரிமாற வேண்டும். பரிமாறும் ஒவ்வொரு துளியும் எதிரிக்கும் போகும், அதை அப்படியே சாவியின் நீளத்திலிருந்து கழித்துவிட வேண்டும். கொள்கையளவில் வேண்டிய குறைந்தபட்சத்தைப்போல 1.22 மடங்கு செலவழித்துக்கொண்டிருந்த எங்கள் நிரலை மூன்று மாதம் உட்கார்ந்து 1.15 ஆக்கினேன். பெருமையாக இருந்தது.

இதில் என்னைப் பிடித்து இழுத்தது ஒரு விதி. தவறு எதனால் வந்தது என்று நாம் கேட்கக் கூடாது. தூசியாக இருக்கலாம், கருவியின் கோளாறாக இருக்கலாம், ஒயரில் உட்கார்ந்த காக்கையாக இருக்கலாம். எல்லாவற்றையும் எதிரி செய்ததாகவே கணக்கில் எழுத வேண்டும். பிபி84இன் வழக்கமான கணக்கில் நூற்றுக்கு 11 தவறு வந்தால் சாவி பூஜ்யம். அதற்கு முன்னாலேயே அது தேய ஆரம்பித்துவிடும்.

மார்ச் தொடக்கத்தில் எங்கள் சோதனைத் தடத்தில் ஒரு கோளாறு தெரிந்தது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நாலு கிலோமீட்டர் நிஜமான நார், கூடவே தூரத்தைக் கூட்ட ஆய்வகத்தில் சுருட்டி வைத்த 50 கிலோமீட்டர். ராத்திரியெல்லாம் தவறு 3 சதவீதத்தில் சாதுவாக இருக்கும். காலை பதினொன்றுக்கு மெல்ல ஏறும். ஒரு மணிக்கு 5ஐத் தாண்டும். நாலு மணிக்கு இறங்கிவிடும். வந்து சேரும் ஃபோட்டான்களும் அந்த நேரத்தில் பாதியாகக் குறைந்தன.

பாதி ஒளி போனால் பாதி சாவி கிடைக்கும் என்றுதானே நினைப்போம்? கிடைக்காது. டிடெக்டர் கும்மிருட்டிலும் அவ்வப்போது தானாக 'டிக்' அடிக்கும். அந்தப் பொய் டிக்குகளில் பாதி தவறான எண். வரும் ஒளி குறைந்தாலும் பொய் டிக் குறையாது. ஆகவே தவறின் விகிதம் ஏறும். 3 சதவீதத் தவறில் பத்து எண்ணுக்கு ஆறு மிஞ்சும். ஐந்தரை சதவீதத்தில் நாலுகூட மிஞ்சாது. பாதி ஒளி, அதிலும் குறைந்த பங்கு. இரண்டும் சேர்ந்து மத்தியானச் சாவி ராத்திரிச் சாவியில் மூன்றில் ஒரு பங்குதான்.

ஏசி என்றார்கள். ஏசியைச் சரிசெய்தோம். டிடெக்டர் குளிர்ச்சி என்றார்கள். அதுவும் சரியாகத்தான் இருந்தது. லேசரை மாற்றினோம். ஃபைபரை ஓடிடிஆர் வைத்துப் பார்த்தோம். நாருக்குள் துடிப்பு அனுப்பி, திரும்பி வரும் வெளிச்சத்தை வைத்து எங்கே இழப்பு என்று காட்டும் கருவி அது. கோடு நேராக, சுத்தமாக வந்தது. மத்தியானத்தில் மட்டும் வேலை பார்க்கிற எதிரி ஒருத்தன் இருக்கிறான் என்று சிரித்துக்கொண்டோம். ஒப்பந்தப் புதுப்பிப்புக்கு முன் காட்ட வேண்டிய அறிக்கை அது. உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

*

ஒரு சனிக்கிழமை ராத்திரி மாடியில் லேப்டாப்பில் அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா துணி எடுக்க வந்தார்.

"என்ன பாப்பா, ஈசிஜி மாதிரி இருக்குது?"

சொன்னேன். அவருக்குப் புரியாது என்று நினைத்து மேலோட்டமாகத்தான் சொன்னேன். அவர் வேட்டியை மடித்தபடியே கேட்டார்.

"கேபிளு மேல போவுதா, பூமிக்குள்ளயா?"

"கொஞ்ச தூரம் போஸ்ட்டு மேல."

"நடுவுல ஜாயின்ட் பாக்ஸு?"

"ரெண்டு இருக்கு."

"டெஸ்ட்டு எப்ப பண்ணீங்க?"

"ஆறு மணிக்கு மேல. பகல்ல நம்ம டிடெக்டர் ஓடிட்டிருக்கும் ப்பா, அந்த வெளிச்சம் பட்டா கெட்டுடும்."

"எதுல பண்ணீங்க? தர்ட்டீன் டென்லயா, ஃபிஃப்டீன் ஃபிஃப்டிலயா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். 1310 நானோமீட்டரா, 1550ஆ என்று கேட்கிறார். டெக்னீஷியன் வைத்திருந்தது 1310. எங்கள் ஃபோட்டான் போவது 1550இல்.

அப்பா சிரித்துவிட்டார். "ஒரு வண்டிக்கு ரோடு பாத்துட்டு இன்னொரு வண்டிய உட்டிருக்கீங்க. ஃபைபரு மடங்குச்சின்னா தர்ட்டீன் டென்னு தாங்கும். ஃபிஃப்டீன் ஃபிஃப்டி வெளிய கொட்டிடும். நம்ம டிவி சிக்னலே அதுலதான போவுது? வெயில்ல டியூபு நீண்டு பாக்ஸுக்குள்ள தள்ளிகினு வரும். உள்ள நாரு மடங்கும். சாயங்காலம் சுருங்கினா பழையபடி ஆயிடும். மத்தியானம் ஒரு மணிக்குத் தொறந்து பாரு."

அன்றைக்குத்தான் முதல்முறையாக என் வேலையை அவருக்கு முழுசாகச் சொன்னேன். அவர் விடாமல் கேட்டார். இதற்கென்று தனி நார் எதற்கு, ஓடுகிற இன்டர்நெட் நாரிலேயே ஒரு ஓரமாக அனுப்பக் கூடாதா என்றார். அதற்குப் பதில் சொல்ல நம்மூர் ராமனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் நடந்தால் வரும் பிரசிடென்சி காலேஜில் படித்தவர். பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் கொஞ்சம் நிறம் மாறி வருகிறது என்று 1928இல் கண்டுபிடித்தார். இன்டர்நெட் தகவல் போகும் ஒரு மில்லிவாட் ஒளியில் விநாடிக்குச் சுமார் 78 கோடி கோடி ஃபோட்டான்கள். அவற்றில் துளியூண்டு நிறம் மாறிச் சிதறினால் போதும், எங்கள் ஒற்றை ஃபோட்டான் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும். தகவலின் வெளிச்சத்தைக் குறைத்து, மெலிசான நிற வடிகட்டி போட்டு, ஃபோட்டான் வரவேண்டிய நொடித்துணுக்கில் மட்டும் கண்ணைத் திறந்து வைத்து, அல்லது எங்கள் ஃபோட்டானை 1310க்கு மாற்றி இழப்பைக் கொஞ்சம் கூடுதலாகச் சகித்துக்கொண்டு, ஒரே நாரில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றேன்.

"அப்ப ராமன்தான் உனுக்கு எதிரி" என்றார்.

பிறகு அவர் கேட்டதுதான் கஷ்டமான கேள்வி. "அந்தாண்ட முனையில இருக்கறது உன் ஆளுதான்னு எப்டித் தெரியும்?"

குவாண்டம் சாவிப் பகிர்வின்மேல் இருக்கும் பெரிய விமர்சனங்களில் ஒன்று இது. பகிரங்கமாகப் பேசிக்கொள்ளும் பகுதியில் எதிர்முனையில் இருப்பவர் அவர்தான் என்று உறுதிசெய்ய, இருவரிடமும் முன்பே ஒரு சின்ன ரகசியம் இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறொரு குறியாக்க முறையைக் கடன் வாங்க வேண்டும். இதையும் சேர்த்துப் பல காரணங்கள் சொல்லி, அமெரிக்க, பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைப்புகள் தங்கள் அரசுப் பயன்பாட்டுக்கு இதைச் சிபாரிசு செய்வதில்லை. குவாண்டம் கணினிக்கும் மசியாத கணிதப் புதிர்களே போதும் என்கிறார்கள். 2024 ஆகஸ்டில் அவற்றுக்கு அமெரிக்கா தரநிலையும் வெளியிட்டுவிட்டது.

"முன்னாடியே தெரிஞ்சவங்களா இருக்கணும் ப்பா."

"தெரிஞ்சவங்கன்னா அப்புறம் மெஷின் எதுக்கு?"

"கொஞ்சம் தெரிஞ்சிருந்தா போதும். அதை வச்சுப் புது ரகசியம் எவ்வளவு வேணும்னாலும் வளர்த்துக்கலாம். அதான் மெஷின் வேலை."

அவர் ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

*

திங்கள்கிழமை ஒரு மணிக்கு ஏணி போட்டு டெக்னீஷியன் அண்ணன் பெட்டியைத் திறந்தார். நான் கீழே நின்று அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். வெள்ளை டியூப் உள்ளே துருத்திக்கொண்டு வந்திருந்தது. தட்டில் சுருட்டியிருந்த நார் ஒரு மூலையில், சுண்டுவிரல் அகலத்துக்குக் கூர்மையாக மடங்கிக் கிடந்தது. அப்பா போனிலேயே சொன்னார். டியூபை எங்கே கட்ட வேண்டும், நாரைக் கட்டைவிரலில் எப்படி வாங்க வேண்டும், வட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்.

"பழைய ஜாயின்ட்ட வெட்டிட்டு புதுசா ஒட்டுனா இன்னும் நல்லாருக்கும். மெஷின் இருந்தா நானே வந்து போட்டுக் குடுத்துருப்பேன்."

"இருந்தான்னா?"

திரையில் அவருக்குப் பின்னால் எங்கள் வீட்டு அலமாரி தெரிந்தது. மஞ்சள் நிற மெஷின் பெட்டி வைக்கும் மேல்தட்டில் பழைய பேப்பர் அடுக்கியிருந்தது.

"மொதல்ல வேலையப் பாரு" என்றார்.

அன்று சாயங்காலம் அம்மாதான் சொன்னாள். ராயப்பேட்டையில் மெட்ரோவுக்காகத் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து கேபிள் அடிக்கடி அறுந்தது. ஒட்ட ஒட்ட அறுந்தது. பொறுக்க முடியாத வாடிக்கையாளர்கள் பெரிய கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். ஆறு மாதம் முன்னால் மிச்சமிருந்த லைனை விற்றுவிட்டார், மெஷினையும் ரிச்சி தெருவில் கொடுத்துவிட்டார். வாங்கியவரிடமே இப்போது தினக்கூலிக்குப் போகிறார். காலையில் அதே பையை மாட்டிக்கொண்டு அதே நேரத்துக்குக் கிளம்பினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நூறு எண்ணில் மூன்று தவறா ஐந்து தவறா என்று நாள் முழுக்கப் பார்க்கிற ஆள் நான்.

அம்மா இத்தனை மாதமும் போனில் பெரியம்மாவிடம் "அதான்க்கா, அதேதான்" என்று விழுங்கிக்கொண்டிருந்த 'அது' இதுதான். பக்கத்து அறையில் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாளிலிருந்து மத்தியான மேடு மறைந்தது. ராத்திரி 3, பகலிலும் 3. என் மூன்று மாத நிரல் தந்ததைவிட, தட்டில் சரியாகச் சுருட்டிய அந்த ஒரு முழ நார் அதிகம் தந்தது. அறிக்கையில் 'இணைப்புப் பெட்டியில் நார் மறுசீரமைக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதினார்கள். யாரால் என்று அந்த வாக்கியத்தில் இடமில்லை. நன்றிப் பட்டியலில் அப்பா பெயரைச் சேர்க்கச் சொன்னேன். பதவி என்ன போடுவது என்று கேட்டார்கள். ஃபைபர் ஸ்ப்ளைசர் என்றேன்.

அச்சடித்த பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் மாடியில் அவரிடம் காட்டினேன். தன் பெயரை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்தார். மெஷினைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

"மத்தியானம் இப்ப எவ்ளோ வருது?"

"ராத்திரிக்குச் சமமா வருது ப்பா."

அவர் வானத்தைப் பார்த்தார். "இது மார்ச்சு. வெயிலு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. மே மாசம் பாத்துட்டுச் சொல்லு."